சோகப் பாட்டை ஸ்கா ஆக்கும் முன் யாரிடம் கேட்க வேண்டும்?

இந்தோனேசியாவில் காதல் தோல்விப் பாட்டு ஒன்று ஹிட்டானால், கொஞ்ச நாளில் அதன் ஸ்கா ரெகே (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் தாள இசை) வடிவமும் யூடியூபில் வந்துவிடுகிறது. வரிகள் அப்படியே, காதலி விட்டுப் போனதும் அப்படியே. கேட்கிறவர்தான் எழுந்து ஆடுகிறார். அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. ஜாவா மொழியில் காதல் தோல்விப் பாட்டுகள் பாடிய டிடி கெம்போட்டின் கச்சேரிகளில் இளைஞர்கள் கண்ணீரோடு ஆடியிருக்கிறார்கள்.

இசைக்கோர்ப்பு செய்பவனாக எனக்குப் பிடித்த வேலை இது. நிமிடத்துக்கு 68 துடிப்பில் போகும் பாட்டென்றால், பாடகரை வேகமாகப் பாடச் சொல்லக் கூடாது. சொன்னால் காரியம் கெட்டது. அவர் அதே நிதானத்தில் பாடட்டும். கீழே தாளத்தை மட்டும் 136 ஆக்கினால் போதும். கிட்டார் அடிகளுக்கு நடுவில் வெட்டி வெட்டி விழும். வயலின்கள் இழுத்த இடத்தை டிரம்பெட்டும் டிராம்போனும் எடுத்துக்கொள்ளும். குரலில் இருக்கும் சோகம் எங்கும் போகாது.

சரி, அனுமதி? "மெட்டைத் தொடவில்லையே, தாளத்தைத்தானே மாற்றினோம்" என்பார்கள் சேனல் நடத்துகிறவர்கள். அந்நாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இசைக்கோர்ப்பை மாற்றும் உரிமையைப் பெயர் சொல்லியே படைப்பாளருக்குத் தந்திருக்கிறது. அனுமதியின்றி வணிகமாகச் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 50 கோடி ரூபியா வரை அபராதம். (ரூபாய் அல்ல, ரூபியா, ஆனாலும் சின்னத் தொகை இல்லை.)

யூடியூபில் பாட்டுகளைத் தானாக அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிட்டால், கணக்கு தீர்ந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது அனுமதி இல்லை. நாளைக்கே உரிமையாளர் அந்த வீடியோவை முடக்கலாம். மேடைக் கச்சேரிக்கான ராயல்டி எல்எம்கேஎன் என்ற தேசிய அமைப்பு வழியாகப் போகிறது. மாற்றிக் கோர்த்துப் பதிவு செய்து வெளியிட, பாட்டை உருவாக்கியவரையோ அவருடைய பதிப்பு நிறுவனத்தையோ கேட்க வேண்டும். ஆள் மறைந்துவிட்டாலும் உரிமை மறையாது. கெம்போட் 2020 மே மாதம் காலமானார். அவர் எழுதிய பாடல்களுக்கு 2090 முடியும்வரை பாதுகாப்பு உண்டு.

கேட்கும்போது மாதிரிப் பதிவு ஒன்றை இணைத்து, எங்கெல்லாம் வெளியிடப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். வீடியோ விவரத்தில் எழுதியவர் பெயர் முதல் வரியிலேயே இருக்கட்டும். டிரம்பெட் வாசிப்பவருக்கு முன்பணம் கொடுப்பதெல்லாம் பதில் வந்த அப்புறம்.