பனியில் செத்த கோல்ஃப் புல்லும் வியாசர்பாடி அருகம்புல்லும்

சென்னையில் கோல்ஃப் என்றால் நினைவுக்கு வருவது கிண்டியும் நந்தனமும்தான். வடசென்னையில் புல்தரை என்றால் அது கால்பந்துக்கு. வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நம் பக்கத்து மைதானங்கள் பலவற்றில் கோல் கம்பத்துக்கு முன்னால் வெறும் மண்தான் இருக்கும். மழைக்காலம் முடிந்து தரை காய்ந்ததும் யாராவது ஒருவர், “புல் விதை வாங்கித் தூவிவிட்டால் வந்துடும்பா” என்பார்.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கோல்ஃப் மைதானப் பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் இதே வேலையில்தான் இறங்குகிறார்கள். அங்கே குளிர் கொன்ற புல்லுக்கு மேல்விதைப்பு செய்வது, அதாவது பழைய தரையின் மேலேயே புது விதை போடுவது, ஒரு தனி வித்தையாகவே வளர்ந்திருக்கிறது. அதில் தூவுவது மட்டும்தான் சுலபமான பகுதி.

கோல்ஃபில் குழியைச் சுற்றியிருக்கும் வழவழப்பான பகுதியைக் ‘கிரீன்’ என்பார்கள். அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். அவ்வளவு ஒட்ட வெட்டினால் இலைப்பரப்பு குறையும், புல் சேர்த்துவைக்கும் உணவும் குறையும். அதாவது குளிர்காலத்துக்குள் நுழையும்போதே அது கையிருப்பு குறைந்த செடி. குளிர்நாட்டுக் கிரீன்களில் பெரும்பாலும் இரண்டு புற்கள் கலந்திருக்கும். ஒன்று, விதைத்து வளர்த்த பென்ட்கிராஸ். இன்னொன்று, அழைக்காமலே வந்து குடியேறிய போவா அன்னுவா. பழைய மைதானங்களில் இந்த இரண்டாவதுதான் பாதி இடத்தைப் பிடித்திருக்கும்.

வெண்பனி விழுவதால் புல் சாவதில்லை. பனி மூடியிருக்கும்வரை அடியில் குளிர் மட்டுப்பட்டே இருக்கும். ஆபத்து, பனி உருகத் தொடங்கும்போது வருகிறது. புல்லின் உயிர் இருப்பது தூரில். இலையும் வேரும் புறப்படுகிற, மண்ணை ஒட்டிய அந்தச் சின்னக் கட்டை பிழைத்தால் மற்றதெல்லாம் திரும்ப வரும். இலையுதிர் காலத்தில் தூர் தன் நீரைக் குறைத்துச் சர்க்கரையைச் சேர்த்துக் குளிருக்குத் தயாராகிறது. குளிர்காலக் கடைசியில் இரண்டு நாள் வெயில் அடித்தால் பனி உருகித் தண்ணீர் தேங்கும். தூர் விழித்து அந்த நீரைக் குடித்துவிடும். அன்றிரவே வெப்பநிலை சட்டென்று பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் உள்ளே போன நீர் படிகமாகி, திசுக்களைக் கிழித்துவிடும். போவா அன்னுவா சீக்கிரம் விழித்துக்கொள்ளும் ரகம் என்பதால் முதலில் சாவது அதுதான். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பெரும்பாலும் இலை கருகும், தூர் தப்பித்துவிடும்.

இன்னொரு சாவு மூச்சுத் திணறல். கிரீன் மேல் பனிக்கட்டி பலகையாக உறைந்துவிட்டால் காற்று உள்ளே போகாது. மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளும் புல்லும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கரியமில வாயுவும் நச்சுப் பொருட்களும் அடியில் சேரும். கட்டியை உடைக்கும்போது குப்பென்று நாற்றம் அடித்தால் நிலைமை மோசம் என்று பராமரிப்பாளருக்குப் புரிந்துவிடும். பனிக்கட்டிக்கு அடியில் இரண்டு மாதம் தாண்டினாலே போவா அன்னுவாவுக்குச் சிக்கல், பென்ட்கிராஸ் நான்கு மாதம்வரைகூடத் தாங்கும். இவை போக, பனிக்கடியில் வளரும் பூஞ்சைகளும், மூடாக்கு இல்லாத மேட்டில் வீசும் வறண்ட காற்றும் தங்கள் பங்குக்குச் சேதம் செய்யும்.

சரி, செத்துப்போனது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? குளிர் முடியும் முன்பே, தரையிலிருந்து சின்னச் சின்ன உருளைகளாகப் புல்லைக் குடைந்தெடுத்து, சூடான அறையில் ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் காட்டுவார்கள். சில நாளில் எது பச்சை விடுகிறது, எது வைக்கோலாகவே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம்தான் விதை. பென்ட்கிராஸ் விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும். செத்த புல் மெத்தையின் மேல் அப்படியே தூவினால் மண்ணைத் தொடாமல் காய்ந்து வீணாகும். அதனால் இயந்திரத்தால் நெருக்கமாகக் கீறலோ துளையோ போட்டு, விதையை உள்ளே இறக்கி, மேலே மெல்லிய மணல் பரப்புவார்கள். பாதி உயிரோடு இருக்கும் கிரீனையும் இந்த முறையில் உரித்தெடுக்காமலே சரிசெய்துவிடலாம்.

அடுத்த தலைவலி மண்ணின் வெப்பம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பென்ட்கிராஸ் விதை ஏறக்குறைய தூங்கும், 15-க்கு மேல் போனால்தான் சுறுசுறுப்பு. ஆனால் போவா அன்னுவா பல வருடமாக உதிர்த்த விதைகள் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும் அவை முந்திக்கொண்டால் அடுத்த குளிர்காலத்தில் சாகப்போகும் புல்தான் மறுபடி தரையைப் பிடிக்கும். இந்தப் போட்டியில் ஜெயிக்கத்தான் காற்றும் நீரும் புகும் விரிப்பைப் போர்த்தி மண்ணைச் சூடாக்குகிறார்கள். நாம் நெல்லை ஊறவைத்து முளைகட்டுகிறோமே, அப்படியே புல் விதையையும் முளைகட்டி மணலோடு கலந்து போடுகிறவர்களும் உண்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பலமுறை தண்ணீர். முளைத்ததை உடனே 3 மில்லிமீட்டருக்கு வெட்டவும் கூடாது, உயரமாக வைத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் யாரையும் மிதிக்கவிடாமல் வைப்பதுதான் இதிலேயே பெரிய சவால் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தா கட்டிய உறுப்பினர்கள் சும்மா இருப்பார்களா?

நம் ஊருக்கு வருவோம். ஜனவரியிலும் சென்னையின் இரவு 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது, அருகம்புல் குளிரில் சாக வாய்ப்பே இல்லை. இங்கே குளிர்காலத்தின் வேலையை வடகிழக்குப் பருவமழை செய்கிறது. தேங்கிய நீரும் பனிக்கட்டியைப் போல வேருக்குக் காற்றை மறைக்கும். ஆனால் அருகு சில நாள் தண்ணீரைத் தாங்கிவிடும். அது தாங்காதது, ஊறிய களிமண்ணை நாம் போட்டு மிதிப்பதை. மண்ணுக்குள் காற்று இருக்கும் துளைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. வெயில் வந்ததும் அது ஓடு மாதிரி இறுகிவிடும். அதன் மேல் எந்த விதையைத் தூவினாலும் புறாவுக்குத்தான் லாபம்.

விதை என்பதிலேயே இன்னொரு விஷயம். விளையாட்டு மைதானங்களுக்கென்று உருவாக்கிய பல ஒட்டு ரக அருகுகள் விதையே கொடுக்காது. அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் உருவாகி 1960-ல் வெளிவந்த டிஃப்வே 419 அப்படிப்பட்டது. 36 குரோமோசோம் உள்ள ஒரு இனத்தையும் 18 உள்ள இன்னொரு இனத்தையும் சேர்த்ததில், ஒவ்வொன்றிலிருந்தும் பாதி வந்து 27 ஆகி நின்றது. ஒன்பது ஒன்பதாக இருக்கும் இந்த மூன்று தொகுதிக் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதே கணக்குதான். வாழைக்குக் கன்று, அருகுக்குக் கணு.

“ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி” என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வேரூன்றல் கணுவுக்குக் கணு நடப்பது. ஓடும் தண்டை இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, இறுகிய மண்ணைக் கடப்பாரையால் ஆழமாகக் கிளறி, மணலும் மட்கிய எருவும் கலந்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். விடாமல் தண்ணீர் காட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் தரை மூடிவிடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் என்றால் முதலில் போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்தது ஊரறிந்த கதை. உப்பு அதிகமென்றால் அருகை விட பாஸ்பேலம் என்ற கடலோரப் புல் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், அதையும் பெரும்பாலும் இதேபோலத் தண்டு நறுக்கித்தான் நடுவார்கள்.

கோல்ஃப்காரர்கள் கிரீனை மூடும்போது பக்கத்தில் தற்காலிகமாக ஒரு குழி வெட்டிக் கொடுத்து ஆட்டத்தை நடத்துவார்கள். நாமும் அதைச் செய்யலாம். ஒரு பக்கக் கோல் முகப்பைக் கயிறு கட்டி மூடிவிட்டு, நகர்த்தக்கூடிய கம்பத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூன்று மாதம் குறுக்கு வாக்கில் ஆடினால் ஒரு முனை தேறும். பிறகு மறுமுனை.