மக்கா கிழங்குப் பொடி: முதல் கரண்டிக்கு முன்

மக்கா கிழங்குப் பொடியை வாங்கி வைத்துவிட்டு, "எவ்வளவு போடணும், எப்போ சாப்பிடணும்?" என்று கேட்கிறவர்கள் நிறைய. அளவைச் சொல்வது சுலபம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில் ஒரு நாளைக்கு 1.5 கிராம் முதல் 3 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 3 கிராமில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது, கிழங்கு எப்படிக் காய்ந்தது, அரைக்கும் முன் சூடு பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். அதனால் கிழங்கிலிருந்தே ஆரம்பிப்போம்.

மக்காவின் சொந்த ஊர் பெரு நாட்டின் நடு ஆண்டிஸ் மலைத்தொடர். ஹுனின் ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பகலில் வெயில் தோலை உரிக்கும், இரவில் பனி உறையும், காற்று ஓயாது. மற்றப் பயிர்கள் பிழைக்காத அந்த இடத்தில் மக்கா தரையோடு தரையாக இலையை விரித்துக்கொண்டு, உணவையெல்லாம் மண்ணுக்குள் சேர்த்து வைக்கிறது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் இதற்கு ஒரே குடும்பத்து உறவுகள். பார்ப்பதற்கும் குட்டையான முள்ளங்கி மாதிரிதான் இருக்கும். நாம் கிழங்கு என்று சொல்லும் பாகம், ஆணிவேரின் மேற்பகுதியும் முளைத்தண்டின் அடிப்பகுதியும் சேர்ந்து பருத்தது. தோல் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பல நிறங்களில் வரும்.

அறுவடை முடிந்ததும் நடப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கிழங்குகளை வெட்டவெளியில் பரப்பி வாரக்கணக்கில் அப்படியே காயவிடுகிறார்கள். ராத்திரி உறைகிறது, பகலில் இளகுகிறது, மறுபடி உறைகிறது. உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாக மாறும்போதெல்லாம் செல்களின் சுவர் கிழிகிறது. அதுவரை தனித்தனி அறைகளில் அடைந்திருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

கலந்தால் என்ன ஆகும்? கடுகுக் குடும்பத்துச் செடிகள் குளுக்கோசினோலேட் என்ற சேர்மங்களை ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியை வேறிடத்திலும் வைத்திருக்கும். பூச்சி கடித்தால் இரண்டும் சேர்ந்து காரமான பொருள் பிறக்கும். இது செடியின் தற்காப்பு. கடுகை மென்றபிறகு மூக்கில் ஏறும் நெடி இதே ஏற்பாட்டின் வேலைதான். மக்காவில் அதிகம் இருப்பது பென்சைல் வகை குளுக்கோசினோலேட். பப்பாளி விதையைக் கடித்தால் உறைக்கிறதே, அந்தக் காரத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே சேர்மம்தான். காயும் கிழங்கில் இது உடைந்து, படிப்படியாக பென்சைலமீன் என்ற பொருள் உருவாகிறது. அதே நேரத்தில் கிழங்கிலுள்ள கொஞ்சநஞ்சக் கொழுப்பும் சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. இந்த இரண்டும் இணையும்போதுதான் மக்காமைடு என்ற சேர்மங்கள் கிடைக்கின்றன. மக்காவின் தரத்தை ஆய்வகத்தில் சோதிக்கிறவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். புதிதாகப் பிடுங்கிய கிழங்கில் இவை மிகக் குறைவு. உறைபனியும் வெயிலும் மாறிமாறிப் பட்ட கிழங்கில்தான் பெருகுகின்றன. அதாவது காய்வது இங்கே வெறும் பதப்படுத்தல் இல்லை, அது ஒரு சமையல் மாதிரி.

உண்மையான சமையல் அடுத்து வருகிறது. காய்ந்த மக்காவை ஆண்டிஸ் மக்கள் காலங்காலமாக ஊறவைத்து, வேகவைத்து, கஞ்சியாகவோ பானமாகவோதான் சாப்பிட்டிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே பெர்னாபே கோபோ என்ற யேசு சபைத் துறவி இந்தக் கிழங்கைப் பற்றி எழுதி வைத்தார். அவர்களுக்கு இது சாப்பாடு. கரண்டியால் அளந்து போடும் துணை உணவாக மாறியது பிற்காலத்தில்தான். அந்த மாற்றத்தில் வேகவைக்கும் பழக்கம் பல இடங்களில் கழன்றுபோனது. புதிதாக ஆரம்பிக்கிற சிலருக்கு வயிறு உப்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஏன் என்றால், காய்ந்த மக்காவில் பாதிக்கு மேல் கார்போஹைட்ரேட், மாவுச்சத்தும் அதில் அடக்கம். வேகாத மாவுச்சத்து இறுக்கமான துகள்களாக இருக்கும். செரிமான நொதிகளால் அதற்குள் எளிதாக நுழைய முடியாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் பங்கை அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும், வாயு உண்டாகும். நீரும் சூடும் சேர்ந்தால் துகள் வீங்கி உடைந்து கூழாகிவிடும், செரிப்பதும் எளிது. சந்தையில் ஜெலாடினைஸ்டு மக்கா என்று ஒன்று கிடைக்கிறதே, அது இப்படி நீரும் சூடும் அழுத்தமும் கொடுத்து, மாவுச்சத்தை முன்கூட்டியே வேகவைத்த பொடி. பெயரைப் பார்த்து ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்கள் என்று சைவர்கள் பயப்பட வேண்டாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு பொடியும் கையில் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் சூடாக்காத தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி பொடி போட்டுக் கலக்கி வையுங்கள். வேகாத பொடி கொஞ்ச நேரத்தில் அடியில் மாவாகப் படியும். வெந்த பொடி தண்ணீரை இழுத்துக்கொண்டு லேசாகக் கெட்டியாகும். முதலாவதை நாக்கில் வைத்தால், மண்வாசனைக்கும் மெல்லிய இனிப்புக்கும் பின்னால் முள்ளங்கியின் சாயல் தெரியும். சூடு, காரத்தை உண்டாக்கும் மைரோசினேஸ் நொதியை முடக்கிவிடுவதால் இரண்டாவதில் அந்தச் சாயல் மங்கியிருக்கும்.

சரி, சாப்பிட்டால் என்ன கிடைக்கும்? ஹார்மோனைக் கூட்டும் என்றுதான் பலர் வாங்குகிறார்கள். 2002இல் பெருவின் ஆய்வாளர் குஸ்டாவோ கொன்சாலேஸ் குழு வெளியிட்ட ஆய்வில், ஆண்களுக்கு 12 வாரம் தினமும் 1.5 அல்லது 3 கிராம் மக்காவோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். மக்கா எடுத்தவர்களிடம் பாலுறவு நாட்டம் 8ஆம் வாரத்தில் கூடியிருந்தது, ஆனால் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் 2008இல் நடந்த ஆய்வில் தினமும் 3.5 கிராம் 6 வாரம் கொடுத்தபோது பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. அங்கேயும் ஈஸ்ட்ரோஜன் அப்படியே இருந்தது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 14 பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆக, ஏதோ ஒரு பலன் இருக்கலாம், அது வந்தாலும் மெதுவாக வரும், ஹார்மோன் வழியாக வருவதாகத் தெரியவில்லை. இதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். புரதம் நிறைந்தது என்ற விளம்பரமும் அப்படித்தான். காய்ந்த மக்காவில் சுமார் 10 சதவீதம் புரதம் என்பது சரி, ஆனால் 3 கிராமில் அது 0.3 கிராம்தான்.

ஆரம்பிப்பதென்றால் நான் சொல்வது இதுதான். வெந்த பொடியை வாங்குங்கள். வேகாத பொடிதான் இருக்கிறது என்றால் கஞ்சியில் போட்டுச் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு 1 கிராம் போதும். கரண்டி அளவு ஏமாற்றும், பொடியின் நைசைப் பொறுத்து எடை மாறும், அதனால் ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். வயிறு ஒத்துக்கொண்டால் அடுத்தடுத்த வாரங்களில் 1.5, அப்புறம் 3 கிராம் என்று ஏற்றலாம். காலை உணவோடு சாப்பிடுவது நல்லது. மக்காவில் காஃபின் கிடையாது, இருந்தாலும் மாலையில் எடுத்தால் தூக்கம் தள்ளிப்போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். கேப்சூல் என்றால் லேபிளில் இருப்பது வெறும் பொடியா, செறிவூட்டிய எக்ஸ்ட்ராக்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மில்லிகிராம் கணக்கு ஒன்றல்ல. அதே மாதத்தில் வேறு புதுச் சப்ளிமெண்ட் எதையும் சேர்க்காதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. கடுகுக் குடும்பத்தின் குளுக்கோசினோலேட் சிலவற்றிலிருந்து பிறக்கும் பொருள்கள், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதில் குறுக்கிடும். உணவில் அயோடின் குறைவாக இருந்தால் இது இன்னும் பெரிதாகும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு இது பாதுகாப்பானது என்று காட்டும் ஆய்வுகள் போதாது, அவர்களுக்கு வேண்டாம். மார்பகப் புற்றுநோய் போல ஹார்மோன் சார்ந்த நோய் இருந்தவர்களும், தினசரி மருந்து சாப்பிடுகிறவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்மை பெருக்கும் என்று விற்கப்படும் மூலிகைக் கலவைகள் பலவற்றில், வயாகரா மாத்திரையில் இருக்கும் சில்டனாஃபில் மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைத் தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். மக்கா என்று எழுதிய பொருள் ஒரே மணி நேரத்தில் வேலை காட்டினால், உடனே நிறுத்துங்கள். காய்ந்த கிழங்கு அவ்வளவு வேகமாக எதையும் செய்யாது.

முதல் நாளிலிருந்தே தூக்கம், சுறுசுறுப்பு, மனநிலை, வயிறு நான்கையும் தினம் ஒரு வரி குறித்து வையுங்கள். 12 வாரம் முடிந்ததும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு அதே குறிப்பைத் தொடருங்கள். நிறுத்தியபின் எழுதிய வரிகளும் முந்தைய வரிகளும் ஒன்றுபோலவே இருந்தால், அடுத்த பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.