பார்ட்டியிடம் பணம் இருக்கிறது, அவர் நாட்டிடம் டாலர் இல்லை

மண்ணடியில் ஏற்றுமதி ஆவண வேலை பார்க்கிறவன் நான். போன வாரமும் ஒருவர் வந்தார். ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு ஒரு கன்டெய்னர் வற்றல் மிளகாய், தொண்ணூறு நாள் கடன். எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, கெடுவும் தாண்டிவிட்டது. "பார்ட்டி தங்கமான ஆளு சார். பேங்க்ல பணம் கட்டிட்டாரு, ஸ்லிப் பாருங்க" என்று போனை நீட்டுகிறார். 2022-இல் இலங்கை டாலர் இல்லாமல் தவித்தபோது, கொழும்புக்குச் சரக்கு அனுப்பியவர்களும் இதே மாதிரி ஸ்லிப்போடுதான் வந்தார்கள்.

எத்தனை தடவை சொல்வது? ஆள் நல்லவரா என்பது கேள்வியே இல்லை. அவர் கட்டியது அவர் ஊர்ப் பணம், உங்களுக்கு வரவேண்டியது டாலர். அதை அவருடைய வங்கி எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். கைவசம் செலவழிக்க 5 கோடி டாலர்கூட இல்லை என்று 2022 மே மாதம் இலங்கை நிதியமைச்சரே சொன்னார். இருந்ததும் டீசலுக்கும் கேஸுக்கும் மருந்துக்கும் போதவில்லை. அந்த வரிசையில் உங்கள் மிளகாய் பில் எங்கே நிற்கும்? "நோட்டு அடிச்சுக்க வேண்டியதுதானே?" என்பார்கள். அடித்தார்களே! ரூபாயை அடிக்கலாம், டாலரை அடிக்க முடியாது. அந்த வருடம் செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை ஒட்டிப் போனதில் அதற்கும் பங்குண்டு.

அப்புறம் மதிப்புச் சரிவு. மார்ச் தொடக்கத்தில் டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய், மே மாதம் 360. 10,000 டாலர் பில்லுக்கு 20 லட்சம் எடுத்து வைத்தவர் 36 லட்சம் தேட வேண்டும். சரக்கையோ பழைய விலைக்கு விற்றிருப்பார்.

2019 வரிக்குறைப்பு, ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனாவில் படுத்த சுற்றுலா, 2021 ரசாயன உரத் தடை, தலைக்குமேல் வெளிநாட்டுக் கடன் என்று இலங்கை நொடித்ததற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2022 ஏப்ரல் 12-இல் வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நம் ஆட்கள் அன்றைக்குத்தான் விழித்தார்கள். டாலரை மிச்சம்பிடிக்க வாகன இறக்குமதியை 2020-லேயே நிறுத்தியிருந்தார்களே, அதை யார் கவனித்தார்கள்? 2022 மே மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அரிசியும் பால்பவுடரும் நிவாரணமாகக் கப்பலேறின. அதைப் பார்த்த பிறகும் கடனுக்குச் சரக்கு அனுப்பியவர்களை என்ன சொல்ல?

ஆர்டர் பிடிக்கும் முன் அந்த நாட்டை ஈ.சி.ஜி.சி. (ஏற்றுமதிப் பணத்துக்கு இன்சூரன்ஸ் தரும் அரசு நிறுவனம்) எந்த அபாயப் பிரிவில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். பாலிசி எடுங்கள், முழுத்தொகை வராது, ஆனால் முழுகவும் மாட்டீர்கள். எல்.சி. என்றால் அந்த நாட்டுக்கு வெளியே உள்ள நல்ல வங்கி ஒன்றும் சேர்ந்து உறுதி கொடுத்த எல்.சி.யாகக் கேளுங்கள், டாலர் இல்லாத ஊர் வங்கி தருகிற வெறும் எல்.சி.யை நம்பாதீர்கள். பாதியாவது முன்பணம் வாங்குங்கள். பார்ட்டி கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே பாக்கி மாட்டியிருந்தால், ஏற்றுமதிப் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் கெடு முடியும் முன்பே உங்கள் வங்கியில் கால நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள். பாலிசி இருந்தால் ஈ.சி.ஜி.சி.க்கும் தாமதத்தைத் தெரிவியுங்கள். அந்த ஸ்லிப்பை மட்டும் வாட்ஸ்அப்பிலேயே விட்டுவிடாதீர்கள். பார்ட்டியின் வங்கி முத்திரையோடு பிரதி வாங்கி வையுங்கள், க்ளெய்முக்குக் கேட்பார்கள்.