ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ தாண்டும்போது என் பழைய காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டே இன்னும் இரண்டு வளைவு ஏறினேன். முள் மளமளவென்று இறங்கியது. “பாத்தியா மாப்ள, மலைக் காத்து பட்டதும் தானா ஆறிடுச்சு” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான். நானும் நம்பிவிட்டேன்.

நம்பியிருக்கக் கூடாது. முள்ளை ஆட்டுவிக்கும் சென்சார் தண்ணீரில் முங்கியிருக்கும் வரைதான் உண்மை பேசும். தண்ணீர் மட்டம் இறங்கி அது காற்றிலோ ஆவியிலோ தொங்க ஆரம்பித்தால், உலோகத்தின் சூடு அதற்குச் சரியாக வந்து சேராது. இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், முள் இறங்கிக்கொண்டிருக்கும். சிவப்பைத் தொட்ட முள், ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இறங்கினால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நான் அணைத்தபோது பானெட் இடுக்கெல்லாம் ஆவி.

பெட்ரோல் தரும் ஆற்றலில் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுவது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான். ஏறக்குறைய இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு இன்ஜின் சுவர்களில் இறங்குகிறது. ஒரு சின்ன கார் ஏற்றத்தில் 15 கிலோவாட் அளவுக்கு உழைக்கிறது என்றால், அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ளியாக வேண்டும். ஏழெட்டு பாத்ரூம் கெய்சர்களை ஒன்றாகப் போட்ட சூடு அது. சுற்றி ஓடும் தண்ணீரோ நான்கு லிட்டர்தான். ஓட்டம் நின்றால் ஓரிரு நிமிடத்தில் கொதித்துவிடும். எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இன்ஜினின் மேல்மூடியான ஹெட் செய்யப்பட்ட அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதை நினைத்தால், அந்த நான்கு லிட்டர் செய்யும் வேலை புரியும்.

கார் ஹீட் ஆனால் தண்ணீர் பொங்கி வெளியேறும். தண்ணீர் குறைந்தால் கார் ஹீட் ஆகும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால், எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவு. நான் அப்படித்தான் ரேடியேட்டரையே மாற்றியிருந்தேன். பிரிக்க ஒரு எளிய வழி உண்டு: ஒரு வாரம், தினமும் காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்ப்பது. முள் ஒருநாளும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால் ஒழுக்குதான் முதல் நோய். மட்டம் அப்படியே இருந்து முள் மட்டும் ஏறினால், தண்ணீரின் ஓட்டத்திலோ ரேடியேட்டருக்கு வரும் காற்றிலோ கோளாறு.

இந்த இரண்டாவது வகையில், எப்போது ஹீட் ஆகிறது என்பதே பாதி பதில். சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் விசிறியைப் பாருங்கள். மோட்டாரோ, ரிலேவோ, ரேடியேட்டரில் இருக்கும் ஃபேன் சுவிட்சோ போயிருக்கும். (அம்பாசடரில் விசிறி பெல்ட்டில் ஓடியது, அங்கே முதலில் பெல்ட்டைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.) ஊருக்குள் ஒழுங்காக இருந்து, பைபாஸில் எண்பது தொட்டதும் ஏறினால், காற்றுக்குக் குறைவில்லை, ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கிளப்பிய ஐந்தே நிமிடத்தில் மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தபடி முள் மட்டும் சிவப்புக்குப் போனால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். அதற்குள் ஒரு சிட்டிகை மெழுகுதான் இருக்கிறது. 82 டிகிரி வாக்கில் உருகி, விரிந்து, வால்வைத் தள்ளித் திறக்கும்.

“நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?” என்று கழற்றிப் போட்டுவிடுகிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பும் பைபாஸ் துளையையும் அடைக்கும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

குழாய்கள் அடைபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே ஊற்றிய போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டால் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து சுவரில் ஒட்டும். வெந்நீர் அண்டாவின் அடியில் பார்க்கும் அதே வெள்ளைப் படிவு. ஒரு மில்லிமீட்டர் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இரும்புக்குச் சமம். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை, துருவும் பிடிக்காது.

என் காரில் முதல் நோய் ஒழுக்கு. ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. சூடான உலோகத்தில் கசியும் தண்ணீர் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும் என்பதால், ஈரத்தைத் தேடாமல் தடத்தைத் தேட வேண்டும். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே கசியட்டும் என்றே வைத்தது. அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு தட்டியிருந்தால் பம்ப் போகப்போகிறது. ஹோஸ் கிளிப்புகளைச் சுற்றியும் அதே பொருக்கைப் பார்க்கலாம். ஹீட்டர் உள்ள காரில் முன் சீட்டின் காலடி விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. அதைவிடக் குழப்பம், பக்கத்தில் இருக்கும் வெள்ளை ரிசர்வ் டப்பாவில் தினமும் காலையில் தண்ணீர் மேல்கோடு வரை நின்றது. அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் திருப்தியாக வண்டியை எடுத்திருக்கிறேன்.

குற்றவாளி ரேடியேட்டர் மூடி. பார்க்க வெறும் மூடி, செய்வதெல்லாம் குக்கர் வேலை. அதன் ஸ்பிரிங் உள்ளே சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் அதையும் மீறினால் வால்வு திறந்து கொஞ்சம் தண்ணீரை டப்பாவுக்கு அனுப்பும். இரவில் இன்ஜின் ஆறி உள்ளே தண்ணீர் சுருங்கும்போது, மூடியின் நடுவில் இருக்கும் இன்னொரு குட்டி வால்வு திறந்து, டப்பாவிலிருந்து அதே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். என் மூடியில் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. கேஸ்கட் போன குக்கர் போல, அழுத்தம் ஏறுமுன்பே தண்ணீர் டப்பாவுக்குப் போனது. திரும்ப இழுக்கும்போது வெடிப்பு வழியே காற்றுதான் வந்தது. டப்பா நிறைந்தபடி இருக்க, மிச்சம் ஓடும் வழியில் ரோட்டில் சிந்தியது. ரேடியேட்டர் மட்டும் நாளுக்கு நாள் காலியானது.

அதே மூடியைச் சூட்டில் திறப்பது ஏன் ஆபத்து என்பதற்கும் இதுதான் கணக்கு. 118 டிகிரியில் இருக்கும் நான்கு லிட்டர் தண்ணீரின் அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால், நூறு டிகிரிக்கு இறங்கும் வழியில் சுமார் 130 கிராம் அப்படியே ஆவியாக வேண்டும். கேட்க அற்பம். அந்த ஆவிக்கு இருநூறு லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். அது மிச்சத் தண்ணீரையும் வாரிக்கொண்டு திறந்தவர் முகத்துக்குத்தான் வரும். மலையில் முக்கால் மணி நேரம் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். காய்ந்து சூடேறிக் கிடக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் என்பதும் காத்திருக்க இன்னொரு காரணம்.

மறுநாள் காலை கிளப்பிய அரை நிமிடத்திலேயே, தண்ணீர் இன்னும் சுடாத நேரத்தில், ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாய்க் காற்று. ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் இன்ஜின் உடலுக்கும் (பிளாக்) நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைத் தாண்டி எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று சந்தேகம். இதை உறுதி செய்ய மெக்கானிக் வைத்திருந்த சோதனை, பள்ளி வேதியியல் கூடத்தை நினைவூட்டியது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம்; ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை ரப்பர் பந்தால் அதன் வழியே இழுத்தார். புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் திரவம் அமிலமாகி மஞ்சளாகும். ஏழெட்டு அமுக்கில் நீலம் பச்சையாகி, பிறகு மஞ்சளானது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு நிற்பதும் இதே நோயின் இன்னொரு முகம். என் காரில் அது இல்லை, ஆயில் சுத்தமாக இருந்தது.

அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரிவது. 30 சென்டிமீட்டர் நீள ஹெட், வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சுட்டால், கீழே இருக்கும் வார்ப்பிரும்பு பிளாக்கைவிட மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அதிகமாக நீளப் பார்க்கும். போல்ட்டுகள் விடாது, அதனால் வளையும். கழற்றிய ஹெட்டின் மேல் எஃகு ஸ்கேலை வைத்து, நடுவில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டைச் சொருகிக் காட்டினார். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையக் கூடாது. என் ஹெட்டில் 0.15 தகடு வழுக்கிக்கொண்டு போனது.

வளைந்த ஹெட்டைச் சமப்படுத்த லேத்துக்கு அனுப்பியிருந்த நான்கு நாளும் பட்டறையில் கார் வாய் பிளந்து நின்றது. டெலிவரி எடுக்கப் போனபோது பில்லின் கடைசி வரியில் புது மூடி. மொத்தத் தொகையில் அதுதான் மிகச் சின்ன எண்.