கணவர் தாக்கல் செய்யாமல் விட்டுப்போன வருமான வரிக் கணக்கு: மனைவி என்ன செய்ய வேண்டும்?

குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆளுக்குக் குறைவில்லை. காரியத்துக்கு நாள் குறிப்பதிலிருந்து ஆண்டு நினைவுத் திருப்பலி வரை சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். இறப்புச் சான்றிதழ், எல்ஐசி, குடும்ப ஓய்வூதியம் எல்லாம் யாராவது ஞாபகப்படுத்தி நடந்துவிடும். இறந்தவரின் வருமான வரிக் கணக்கை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவர் பெயருக்கே ஒரு நோட்டீஸ் வரும். அப்போதுதான் அந்த அம்மா பயந்துபோய் ஆலோசகரைத் தேடி வருவார்.

மார்த்தாண்டத்தில் வரி ஆலோசனை செய்துவருகிறேன். இப்படி வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மனைவிகள் உண்டு. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களின் மனைவிகள் உண்டு. நர்ஸாகவோ டீச்சராகவோ இருந்த மனைவியைப் பறிகொடுத்த கணவர்களும் உண்டு. கீழே சொல்லும் சம்பவங்களில் ஊரும் தொகையும் ஆளை அடையாளம் காட்டாதபடி மாற்றப்பட்டவை. சட்டம் பற்றிய தகவல்கள் அப்படியே.

கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டார்: "மக்களே, அவரு கெட்டாம விட்டத நான் கெட்டணுமா? எனக்க பேருல உள்ள வீட்ட எடுத்துருவாவளா?" ஏறக்குறைய எல்லோருக்கும் இதே பயம்தான். இந்தப் பயத்தால்தான் நோட்டீஸைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அதனால் இதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை எடுக்க மாட்டார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 159-ஆம் பிரிவின்படி, இறந்தவர் கட்டியிருக்க வேண்டிய வரியைச் சட்ட வாரிசு கட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவர் விட்டுப்போன சொத்தால் எவ்வளவு கட்ட முடியுமோ அந்த அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. உங்கள் சம்பாத்தியம், உங்கள் தாய்வீட்டு வழியில் வந்த நிலம், உங்கள் பெயரில் நீங்களே வாங்கிய வீடு இவற்றுக்கும் அவருடைய வரிப் பாக்கிக்கும் சம்பந்தமில்லை. அவர் தாக்கல் செய்யாமல் விட்டதற்காக உங்களைச் சிறைக்கு அனுப்பவும் முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டம்தான் பேசும்.

இந்தப் பாதுகாப்பில் ஓர் ஓட்டை உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. வரிப் பாக்கி தீராமல் இருக்கும்போதே இறந்தவரின் சொத்தை வாரிசு விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாலோ, அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும் வாரிசே சொந்தமாகப் பொறுப்பேற்க வேண்டும். அதே 159-ஆம் பிரிவில்தான் இதுவும் இருக்கிறது. நம் பகுதியில் இது எப்படி நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். அருமனைப் பக்கம் அவர் பெயரில் ஒரு ரப்பர் விளை இருக்கும். மகள் கல்யாணம் தள்ளிப்போகக் கூடாது என்று அதை விற்றுவிடுவார்கள். பணமும் செலவாகிவிடும். பிறகுதான் அவர் கணக்கில் வரிப் பாக்கி இருப்பது தெரியவரும். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணம் கல்யாணம்தான். விற்பதற்கு முன் அவர் வரிக் கணக்கைப் பார்த்து, பாக்கி இருந்தால் அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, பலரும் செய்யும் ஒரு குறுக்கு வழி. அப்பாவின் சிம் மகனிடம் இருக்கும். பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் அப்பாவின் பான் எண்ணைப் போட்டு, ஆதார் ஓடிபி வாங்கி, அவர் உயிரோடு இருப்பதுபோலவே ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுவார்கள். கேட்டால், "வேலை முடிஞ்சுதே சார்" என்பார்கள். வேலை முடியவில்லை. இறந்தவர் ஒரு ரிட்டர்னில் கையெழுத்துப் போட முடியாது. ஓடிபி கொடுத்துச் சரிபார்க்கவும் முடியாது. இறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும், அதற்குப் பிறகு அவரே சரிபார்த்ததாக ரிட்டர்னில் இன்னொரு தேதியும் இருந்தால், பிறகு எந்த அதிகாரியிடம் போய் என்ன விளக்கம் சொல்வது? சிம்மை ரத்து செய்யாதீர்கள். வங்கியிலிருந்தும் மியூச்சுவல் ஃபண்டிலிருந்தும் வரும் குறுஞ்செய்திகளைப் பார்த்துத்தான் எங்கே பணம் இருக்கிறது என்றே சில வீடுகளில் கண்டுபிடித்திருக்கிறோம். ஆனால் அதை வைத்து ரிட்டர்னைச் சரிபார்க்க வேண்டாம்.

முறையான வழி ஒன்றும் பெரிய மலையில்லை. வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் சொந்த பான் எண்ணில் நுழைந்து, இறந்தவரின் சட்ட வாரிசாகப் பதிவு செய்யக் கோர வேண்டும். அவருடைய பான், உங்கள் பான், இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆதாரம் இவ்வளவும் தேவை. துறை ஒப்புதல் கொடுத்தபின், உங்கள் நுழைவிலிருந்தே அவருடைய கணக்குக்கு மாறிக்கொள்ளலாம்.

வாரிசு ஆதாரம் என்றதும் எல்லோரும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். அது இருந்தால் நல்லது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா ஆபீஸ் போய் வருவதற்குள் சில குடும்பங்களுக்கு ரொம்ப நாளாகிவிடுகிறது. முதல் மனைவியின் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று சிக்கல் இருந்தால் இன்னும் இழுக்கும். அதற்காகக் கணக்கு வேலை நின்றுபோக வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட உயில், அரசு கொடுத்த குடும்ப ஓய்வூதியச் சான்று இவற்றையும் துறை ஏற்கிறது. வங்கி தன் லெட்டர்ஹெட்டில், முத்திரையும் கையெழுத்தும் வைத்து, இறந்தவரின் கணக்கில் நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரர் இன்னார் என்று எழுதிக் கொடுக்கும் கடிதமும் செல்லும். இந்தக் கடிதம்தான் பல வீடுகளுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது. ஆவணம் தமிழில் மட்டுமோ, வளைகுடாவில் இறந்தவருக்கு அரபியில் மட்டுமோ இருந்தால், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

மனைவிக்கு பான் கார்டே இல்லை என்பது இங்கே சாதாரணம். பான் இல்லாமல் சட்ட வாரிசாகப் பதிவு செய்ய முடியாது. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பதிவு முடிந்ததும் அவருடைய 26ஏஎஸ் அறிக்கையையும் ஏஐஎஸ் அறிக்கையையும் இறக்கிப் பாருங்கள். எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, எவ்வளவு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துவிடும் வரி) பிடித்தது, நிலம் விற்றாரா, பங்கு விற்றாரா என்று அங்கே இருக்கும். அதில் இல்லாதவற்றை வீட்டில் தேட வேண்டும்: கடை வாடகை, கைமாற்று வட்டி, ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற சீட்டுகள். சொந்த விளையில் கிடைத்ததை விற்ற பணம் விவசாய வருமானம். அதற்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய படிவமான ஐடிஆர்-1 போட முடியாது. வேறு படிவம் எடுத்து அதைக் காட்ட வேண்டும்.

இறந்த ஆண்டின் கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை வந்த வருமானம் அவருடையது; அவர் பானில் போகும். சில மாதங்கள்தான் வாழ்ந்திருந்தாலும் வரிவிலக்கு வரம்பு அவருக்கு முழுதாகவே உண்டு. அதன் பிறகு வரும் டெபாசிட் வட்டியும் வாடகையும் வாரிசுகளின் கணக்கில் வரும். உயில் இருந்தால் சொத்து பிரித்துக் கொடுக்கப்படும் வரை அதை நிறைவேற்றுபவர் கணக்கில். வங்கிக்கு நீங்கள் சொல்லவில்லை என்றால், அது அவர் பானிலேயே டிடிஎஸ் பிடித்துக்கொண்டிருக்கும். வருமானம் உங்கள் தலையில், பிடித்த வரி அவர் கணக்கில் என்று ஆகிவிடும். இதற்குப் பழைய சட்டத்தின் கீழ் உள்ளது விதி 37பிஏ. அந்த விதியின்படி, டிடிஎஸ்-ஐ யார் பானில் வரவு வைக்க வேண்டும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம்.

சரி, பழைய ஆண்டுகள். அந்தந்த மதிப்பீட்டு ஆண்டின், அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். வருமானம் 5 லட்சம் வரை என்றால் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. வரிவிலக்கு வரம்புக்குள் என்றால் கட்டணம் இல்லை. அந்த டிசம்பரும் போய்விட்டால், வரி கட்ட வேண்டியிருக்கிறதா, திரும்ப வர வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

கட்ட வேண்டியிருந்தால் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். ஆனால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் கூடுதல் வரி உண்டு: முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், பிறகு ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 50, 60, 70 என்று ஏறும். தக்கலைப் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பல வங்கிகளில் டெபாசிட். வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார். அவருக்கு வந்ததோ அதைவிட உயர்ந்த வரி விகிதம். 2023-24 நிதியாண்டுக்கு வரியும் வட்டியுமாக 40,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். 2026 மார்ச் 31-க்குள் போட்டிருந்தால் கூடுதல் 10,000. 2027 மார்ச் வரை 20,000, 2028 மார்ச் வரை 24,000, 2029 மார்ச் வரை 28,000. வட்டியும் மாதம் 1 சதவீதம் என்று இன்னொரு பக்கம் ஓடும்.

பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் ஐடிஆர்-யு உதவாது. ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்தவே முடியாது. இங்கேதான் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன என்பது என் அனுபவம். சவுதியில் ஃபோர்மேனாக இருந்த ஒருவர் குடும்பச் சொத்தில் கிடைத்த பங்கை, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைக்கும் என்ஆர்ஓ டெபாசிட்டில் போட்டிருந்தார். வருஷத்துக்கு 2,40,000 ரூபாய் வட்டி. வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வங்கி செஸ் என்ற கூடுதல் தீர்வையோடு சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 74,880 ரூபாய் பிடித்தது. இங்கே அவருக்கு வேறு வருமானம் இல்லை. அன்றைய வரிவிலக்கு வரம்பு இரண்டரை லட்சம். அப்படியென்றால் வரியே கிடையாது. பிடித்தது முழுதும் திரும்ப வர வேண்டிய பணம். 2021-22, 2022-23 இரண்டு நிதியாண்டுக்கும் தாக்கல் செய்யாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி என்னிடம் வந்தது நோட்டீஸ் பயத்தில். 26ஏஎஸ்-ஸில் அந்த இரண்டு பதிவையும் காட்டி, இது நீங்கள் கட்ட வேண்டியதல்ல, உங்களுக்கு வர வேண்டியது, 1,49,760 ரூபாய் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. மகனை போனில் அழைத்து மறுபடி சொல்ல வைத்தார்.

இதற்கு வழி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. சட்டத்தின் 119(2)(பி) பிரிவு. 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு ஆண்டுகளுக்கும் கடைசி நாள் முறையே 2028 மார்ச் 31, 2029 மார்ச் 31. ஓர் ஆண்டுக்குக் கோரும் தொகை ஒரு கோடிக்குள் என்றால் ஆணையர் நிலையிலேயே முடிவெடுக்கலாம். இணையதளத்திலேயே மனு போடலாம். மனுவில் ஏன் தாமதமானது என்பதை உண்மையாக, தேதிகளோடு எழுதுங்கள்: எப்போது நோய் தெரிந்தது, எந்த நாளில் இறந்தார், வாரிசுச் சான்றிதழ் எப்போது கிடைத்தது, கணக்குகள் எப்போது தெரியவந்தன. மருத்துவமனைச் சீட்டையும் சேருங்கள். இரண்டு வரியில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதி அனுப்பிய மனுக்கள் நிற்பதில்லை. அனுமதி வந்தபின் ரிட்டர்ன் போட வேண்டும். இப்படி வரும் ரீஃபண்டுக்கு வட்டி தர மாட்டார்கள். அந்த அம்மாவுக்கு அசல் வந்தது.

ரீஃபண்ட் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். அவருடைய மூடிய வங்கிக் கணக்கைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போய்விடும். பிறகு உங்கள் கணக்கைச் சேர்த்து மறுபடி கேட்டு அலைய வேண்டும்.

தாமதத்தில் இன்னொரு நஷ்டம்: 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறைதான் இயல்பானது. தொழில் வருமானம் இல்லாதவர் பழைய முறை வேண்டுமென்றால் வழக்கமான கெடுவுக்குள் போடும் ரிட்டர்னில்தான் கேட்க முடியும். கெடு தாண்டினால் அவர் கட்டிய எல்ஐசி, மூத்த குடிமக்களுக்கான 50,000 ரூபாய் வட்டிக் கழிவு எதையும் காட்ட முடியாது.

இதற்கிடையில் உங்கள் சொந்தக் கணக்கையும் மறக்காதீர்கள். அவர் இறந்ததால் வந்த எல்ஐசி பணத்துக்கு வரியில்லை. வாரிசாக வந்த சொத்துக்கும் இல்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு உண்டு. புதிய முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதைக் கழிக்கலாம். அதோடு அவர் டெபாசிட்டெல்லாம் உங்கள் பெயருக்கு மாறி வட்டி வர ஆரம்பித்தால், இதுவரை ரிட்டர்னே போடாத நீங்கள் போட வேண்டியவராகலாம்.

அவருடைய பான் கார்டை அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். எல்லா ஆண்டின் ரிட்டர்னும் போட்டு, ரீஃபண்ட் வந்து, பாக்கி எதுவும் இல்லை என்று இணையதளத்தில் பார்த்த பிறகு, இறப்புச் சான்றிதழின் நகலோடு வரி அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவர் நாகர்கோவிலில்தான் இருப்பார் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்தவர்களின் பான் வேறு ஊர் அதிகாரியிடம் இருக்கலாம். பான் எண்ணும் மொபைல் எண்ணும் கொடுத்தால் அந்த அதிகாரி யார் என்று அதே இணையதளம் காட்டும். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி, அவர் ரிட்டர்ன்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.