ஊட்டிக்கு வளிமுகம் வராது, உறைபனி வரும்

டிசம்பரில் குளிர் கூடியதும் ‘வடக்கேயிருந்து குளிர் வளிமுகம் தாக்குகிறது’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்ற ஆரம்பிக்கும். குளிர்காற்றும் வெதுவெதுப்பான காற்றும் மோதும் எல்லையைப் புவியியல் பாடத்தில் முக்கோணப் பற்கள் வைத்த நீலக் கோடாக வரைந்திருப்பார்களே, அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கோடு நீலகிரி வரை வருவதில்லை.

வளிமுகம் உருவாக, வெப்பத்தில் பெரிதும் மாறுபட்ட இரண்டு காற்றுத் தொகுதிகள் கலக்காமல் மோத வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 வாக்கில், நார்வேயின் பெர்கன் நகரில் வானிலை ஆய்வாளர் பியர்க்னெஸ் குழுவினர் இதை விளக்கினார்கள். ஆங்கிலத்தில் ‘front’ என்பது போர்முனையை நினைத்து வைத்த பெயர். துருவக் குளிரும் தெற்கின் வெம்மையும் சந்திக்கும் ஐரோப்பாவுக்குச் சரி. 11 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வெதுவெதுப்பான காற்றுதான். வட இந்தியாவில் மேற்கத்திய இடையூறு (மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் குளிர்கால மழைச் சுழல்) கடந்தபின் இறங்கும் குளிர்காற்றும் தக்காணத்தைத் தாண்டி வருவதற்குள் குளிரை இழந்துவிடும். மிஞ்சுவது வறட்சி. உறைபனிக்கு அந்த வறட்சிதான் வேர். பிறகு அதற்கு வருகிறேன்.

இந்த மலையில் வானிலையை மாற்றுவது, காற்று எந்தக் கடலிலிருந்து கிளம்பி எந்தச் சரிவில் ஏறுகிறது என்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும். மேகம் கட்டும்வரை 1,000 மீட்டருக்கு 10 டிகிரி போலக் குளிரும். கட்டியபின் 5 டிகிரி போல. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவி தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். தாங்க முடியாதது மழையாகும். மேற்கே தேவாலாவும் அவலாஞ்சியும் ஊறிக் கிடக்கும் நாளில் கிழக்கே கோத்தகிரியில் துணி காயும். அக்டோபருக்குப் பின் எல்லாம் தலைகீழ்: வங்கக்கடல் காற்று மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி குன்னூர், கோத்தகிரி, கேத்தியில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பெய்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 20 கி.மீ. போலத்தான். எனவே ‘நீலகிரியில் கனமழை’ என்ற எச்சரிக்கையைக் கேட்டதும் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்குக் காற்றானால் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் இரவுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வளிமுகத்தின் தூரத்து உறவு ஒன்று எட்டிப்பார்க்கும்: உள்நாட்டு வறண்ட காற்றும் கடல் காற்றும் சந்திக்கும் கோடு. வெப்பத்தில் அவ்வளவு வேறுபாடு இருக்காது, ஈரத்தில் இருக்கும். பிற்பகலில் இடி, சில நாள் ஆலங்கட்டி.

இனி உறைபனி. நீராவியும் மேகமும்தான் நிலத்துக்குப் போர்வை. வறண்ட காற்று வந்து, வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் நிலம் இரவெல்லாம் வெப்பத்தை இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் வெளுத்துக் கிடக்கும் காலையில் அவற்றைவிட உயரமான மேட்டுச் சரிவு தப்பிவிடுவதுண்டு. செய்தியில் ‘ஊட்டி 3 டிகிரி’ என்றால் பயிர் பிழைத்தது என்று இருந்துவிடாதீர்கள். அது ஆள் மார்பு உயரத்தில் கூண்டுக்குள் எடுத்த அளவு. புல் மட்டத்தில் இன்னும் 3, 4 டிகிரி குறையும்.

முன்கூட்டி அறிய இரண்டு வெப்பமானி போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, மாலை 6 மணிக்கு இரண்டுக்கும் 2 நிமிடம் விசிறுங்கள். உலர்ந்தது 12, ஈரமானது 8 காட்டினால் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 5 டிகிரி அருகே. அன்று பெரும்பாலும் நீர்ப்பனியோடு போகும். ஆவி நீராகப் படியும்போது வெளிவரும் வெப்பம் மேலும் குளிர்வதைத் தடுக்கும். 12-க்கு 6 என்றால் பனிப்புள்ளி 0 அருகே. அன்றிரவு ஆயத்தமாக இருங்கள். இந்தக் கணக்குக்கான புத்தக அட்டவணைகள் பெரும்பாலும் கடல்மட்ட அழுத்தத்துக்குப் போட்டவை. ஊட்டியின் அழுத்தம் 780 மில்லிபார் அளவுதான் என்பதால் அவை பனிப்புள்ளியை 1, 2 டிகிரி குறைத்துக் காட்டும்.

கேரட், உருளைக்கிழங்குக்கு முந்தின நாள் மதியத்துக்குள் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தை அதிகம் சேர்த்து வைக்கும். வரிசைகளுக்கு நடுவே காய்ந்த புல்லைப் பரப்புவது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. மண்ணின் வெப்பம் மேலே வராமல் பயிர் கருகும். மூடுவதானால் செடிக்கு மேலே மூட வேண்டும். இளந்தேயிலைக்கு மிலார்த் தழை போர்த்தினால் போதும். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி தரும். ஆவியாகும்போது 600 கலோரி அளவு பிடுங்கிக்கொள்ளும். தெளிப்பு நின்று ஆவியாவது மட்டும் தொடர்ந்தால் செடி முன்பைவிடக் குளிரும். அதனால் செடி மட்டத்தில் 2 டிகிரியைத் தொட்டதும் தொடங்கி, வெயில் பட்டு இலைமேல் பனிக்கட்டி தானாக உருகி விழும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் கரண்ட் போகும் என்றாலோ, தொட்டியில் விடியும்வரைக்கான தண்ணீர் இல்லை என்றாலோ தொடங்காமல் இருப்பதே மேல்.

கருகிய தேயிலையை ஜனவரியிலேயே கவாத்து செய்துவிடாதீர்கள். பிப்ரவரி வரை உறைபனி திரும்பலாம். வெட்டிய இடத்தில் வரும் தளிர்தான் முதலில் கருகும்.