முளைப்புத் திறன்: விதைப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள்

விதைப் பரிசோதனைக்கு மாதிரி கொண்டுவரும் விவசாயிகளில் பலர் சொல்வது இதுதான்: "வீட்டுல ஊறப்போட்டுப் பார்த்தோம் சார், எல்லாமே முளைச்சிருச்சு." அறிக்கையில் முளைப்பு 60 சதவீதத்தை ஒட்டி வந்தால் அவர்கள் முகம் வாடிவிடும். அவர்கள் சொன்னதும் உண்மை, அறிக்கையும் சரி. இரண்டு இடத்திலும் முளை என்ற சொல் வேறு வேறு கட்டத்தைக் குறிக்கிறது, அவ்வளவுதான்.

நம் பேச்சில் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தாலே அது முளை. பாசிப்பயறை ஊறவைத்துத் துணியில் முடிந்து வைத்தால் மறுநாளே முளைகட்டிய பயறு. அறுவடை நேரத்து மழையில் நனைந்த நெல் முளைத்துவிட்டது என்றால் அது நஷ்டக் கணக்கு. ஆனால் வாய்த்துடுக்கான பிள்ளைகளை "முளைச்சு மூணு இலை விடல" என்று திட்டுகிறோமே, அதில் விஷயம் இருக்கிறது. முளைப்பது ஒன்று, இலை விட்டு நிற்பது வேறொன்று. விதைப் பையின் சீட்டில் இருக்கும் ‘முளைப்புத் திறன்’ இந்த இரண்டாவதைத்தான் அளக்கிறது.

செத்த விதையும் தண்ணீரை உறிஞ்சி உப்பும். உயிர் மங்கிய விதை வேர் நுனியை நீட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் நாங்கள் 400 விதைகளை எண்ணி, ஈரமான முளைப்புத் தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். நெல்லுக்கு 14ஆம் நாள், பாசிப்பயறுக்கு 8ஆம் நாள், நிலக்கடலைக்கு 10ஆம் நாள்தான் இறுதிக் கணக்கு.

நிலக்கடலைச் சுருளைப் பிரித்தால் ஒரே வரிசையில் எல்லா வகையும் கிடக்கும். ஒன்றில் ஆணிவேர் நேராக இறங்கிப் பக்கவேர்கள் விட்டிருக்கும், பருப்பு இரண்டாக விரிந்து நடுவில் குருத்து தெரியும். இதை எண்ணலாம். அடுத்ததில் தண்டு தடித்திருக்கும், ஆனால் வேர் நுனி பழுப்பேறிக் கட்டையாகிப் போயிருக்கும். அதற்கடுத்ததில் வேர் அருமையாக இருக்கும், பருப்பை விலக்கிப் பார்த்தால் குருத்தே இருக்காது. இந்த இரண்டும் முளைத்தவைதான், ஆனால் இயல்பான நாற்றுகள் அல்ல. வயலில் செடியாகி நிற்காது. இன்னொன்றை விரலால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடிக்கும். அது செத்த விதை. வீட்டில் மறுநாளே துணியைப் பிரித்துப் பார்த்திருந்தால் முதல் மூன்றுமே ‘முளைச்சாச்சு’ கணக்கில் சேர்ந்திருக்கும்.

கடலையில் இந்தச் சேதம் பெரும்பாலும் உடைக்கும்போது வருகிறது. பருப்பின் கூரான முனையில்தான் முளைவேர் இருக்கிறது. இயந்திரத்தில் அடிபட்டு அந்த முனை உடைந்தாலோ தோல் உரிந்தாலோ அந்த விதையை நம்ப முடியாது. விதைக் கடலையைக் காயாகவே வைத்திருந்து, விதைப்புக்குச் சில நாள் முன்பு கையால் உடைப்பது இன்றைக்கும் நல்ல வழக்கம். கூலி அதிகம் என்பது உண்மைதான், ஆனால் வரிசையில் விழும் இடைவெளிக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முளைக்காததெல்லாம் செத்த விதை என்றும் சொல்லிவிட முடியாது. நிலக்கடலையில் படர்ந்து வளரும் கொடிக்கடலையும், நெல்லில் சில ரகங்களும் அறுவடையானதும் சில வாரங்கள் உறக்கத்தில் இருக்கும். அந்தச் சமயத்தில் சோதித்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். நிமிர்ந்து வளரும் கொத்துக்கடலைக்கு அந்த உறக்கம் கிடையாது. அறுவடை தள்ளிப்போய் மழையும் பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பயறு வகைகளில் தோல் கெட்டிப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் கல் மாதிரி கிடக்கும் விதைகளும் உண்டு. அவற்றுக்கும் உயிர் இருக்கிறது.

சரி, எவ்வளவு முளைத்தால் போதும்? 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் பயிருக்குப் பயிர் குறைந்தபட்ச அளவு உண்டு. நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்து, பாசிப்பயறுக்கு 75, நிலக்கடலை, தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. மிளகாயில் 100 விதைக்கு 40 முளைக்காமல் போனாலும் அது சட்டப்படி தரமான விதைதான். இதைத் தெரிந்துகொண்டு நாற்றங்காலுக்கு விதை அளந்தால் நாற்றுப் பற்றாக்குறை வராது. விவசாயிக்கு விற்கும் சான்று விதையில் நீல அட்டை இருக்கும், அந்தச் சான்று விதையை உற்பத்தி செய்யப் பயன்படும் ஆதார விதையில் வெள்ளை அட்டை. அட்டையின் நிறத்தோடு நிற்காமல் தேதியையும் படியுங்கள். சான்றின் காலம் பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான்.

எனக்கு அதிகக் கவலை சொந்த விதையைப் பற்றித்தான். அதில் அட்டையும் இல்லை, தேதியும் இல்லை. போன தை மாதம் எடுத்து வைத்த உளுந்து சாக்கில் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே எத்தனை விதைக்கு உயிர் இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. குவியலில் மேலே, நடுவே, அடியே என்று கலந்து எடுத்து, நல்லதாகப் பொறுக்காமல் வந்தபடியே 100 விதை எண்ணுங்கள். ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பிரித்து, வேரும் குருத்தும் முழுதாக இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். வெள்ளை நுனியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

75-க்குப் பதில் 60 வந்தால் ஏக்கருக்கு 8 கிலோ போடும் இடத்தில் 10 கிலோ போட்டுச் சரிக்கட்டலாம். 50-க்குக் கீழே போய்விட்டால் அந்த விதையை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அந்த மூட்டையில் முளைக்கும் பாதிக்கும் வீரியம் குறைந்திருக்கும். முதல் வறட்சியிலேயே அது தெரிந்துவிடும்.

விதையைக் கெடுப்பது ஈரமும் சூடும்தான். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது சேமிப்பில் பழகிய கணக்கு. அதற்காக உச்சி வெயிலில் சிமென்ட் களத்தில் வறுக்கக் கூடாது, காலை வெயிலும் மாலை வெயிலும் போதும். யூரியா மூட்டை இருக்கும் அறையில் விதையை வைக்கவே வேண்டாம்.

இந்தக் காயவைக்கும் விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பலா, கறிவேப்பிலை விதைகள் காய்ந்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்ததும் போட்டுவிட வேண்டும். மாடித்தோட்டக்காரர்கள் வெங்காய விதையைப் போன வருஷத்துப் பொட்டலத்திலிருந்து போடாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் உயிர் விடும். அப்புறம், முளைப்பாரி மாதிரி நெடுநெடுவென்று வெளிர் மஞ்சளாக வளர்ந்தால் விதை வீரியமானது என்று நினைத்துவிடாதீர்கள். முளைப்பாரியை இருட்டில் வளர்க்கிறோம், அதனால் அது அப்படி ஓங்குகிறது. நாற்று அப்படி நின்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

கடையில் வாங்கிய விதை சரியாக முளைக்கவில்லை என்றால் கைவசம் இருக்க வேண்டியவை ரசீது, அட்டை, காலிப் பை, முடிந்தால் ஒரு கைப்பிடி மீதி விதை. உங்கள் பகுதி விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தரமற்ற விதையால் நஷ்டப்பட்ட விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதைச் செய்வதானாலும் வயலை உழுது மறுபடி விதைப்பதற்கு முன் செய்யுங்கள். உழுதுவிட்டால், ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பதற்கு வயலில் எதுவும் மிச்சமிருக்காது.